அடிப்படை அறிவே அரண்

பொருள்களின் வலிமையைக் கற்க வாய்பாடுகளை மனனம் செய்தலே போதும் எனப் பொறியியல் மாணவர் பலர் கருதுகின்றனர். இக்கருத்துப் பொருந்தாது.

சுமை ஏறும்போது பொருளினுள் ஓரலகுப் பரப்பில் எழும் எதிர்விசை தகைவு எனப்படும். அதனால் நேரும் உருமாற்றத்தின் அளவு திரிபு எனப்படும். சுமை மிகுந்தால் இரண்டும் மிகும்.

கனடாவின் கியூபெக் பாலம் 1907ஆம் ஆண்டு கட்டப்படும்போதே இடிந்து, 75 தொழிலாளர் உயிரிழந்தனர். பாலத்தின் எடை குறைத்துக் கணக்கிடப்பட்டிருந்தது. எஃகு உறுப்புகள் வளைந்தமை முன்னரே தெரிந்தும் பணி நிற்கவில்லை. அங்கிருந்தோர் கணக்கு அறியாதவர் அல்லர். எஃகு விடுத்த எச்சரிக்கையையே உரிய காலத்தில் மதிக்கத் தவறினர்.

ஆதலின் மாணவர்களே, விடையை நாடுமுன் அதன் பொருளை வினவிப் பழகுங்கள். உங்கள் கணக்கை நம்பியே பிறர் பாலத்தின்மேல் நிற்பர்.