வேம்புக்கும் ஒரு பேரேடு

திருவண்ணாமலை வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் வேம்பின் பயனை அங்கத்தினர் வாய்மொழியாகக் கேட்கிறோம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை. பட்டுச்சேலைப் பெட்டியில் உலர்ந்த இலை. பயிர்ப் பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். எழுதி வைத்தவர்தாம் அரியர்.

வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களை 1942-ல் விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்திக்கி பிரித்தெடுத்து அறிவித்தார். பின்னர், வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் கிரேஸ் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்தியாவில் அது முன்னரே கையாளப்பட்டதென்று சான்றுடன் வாதாடிய பின்னரே 2000-ல் அவ்வுரிமை ரத்தாயிற்று. 2005-ல் அம்முடிவு உறுதியாயிற்று.

வழக்கம் நம்முடையதாயினும் வழக்கு மன்றம் சான்றையே கேட்கும். ஆதலின் எந்நோய்க்கு, எவ்வளவு, என்ன பலன் என்பதை ஒவ்வொரு சங்கமும் தேதியிட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். ஆராய்ச்சியாளருக்கும் அக்குறிப்பு உதவும். காசுக்குப் பேரேடு வைக்கும் நாம் அறிவுக்கும் ஒன்று வைத்தலாகாதோ?