அட்டை இல்லாத ஓட்டுநர் உரிமம்: கேரள எல்லையோர மக்கள் சரிபார்க்க வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரளத்தில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பவர்களின் வீட்டுக்கு இப்போது அஞ்சலில் அட்டை வருவதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் உரிமம் இணையத்தில் பதிவாகிறது. அதைக் கைப்பேசியில் பதிவிறக்கிக்கொள்வது விண்ணப்பதாரரின் பொறுப்பு. வாகனப் பதிவுச் சான்றும் (ஆர்.சி.) 2025 மார்ச் 1 முதல் மின்னணு வடிவில் வழங்கப்படும் என அம்மாநில மோட்டார் வாகனத் துறை அறிவித்தது.

இந்த மாற்றத்தின் தாக்கத்தை முதலில் உணர்பவர்கள் நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோர மக்கள். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு பிரிந்தாலும் சாலை பிரியவில்லை. பெருங்கடவிளை, பாறசாலைப் பகுதிகளிலிருந்து களியக்காவிளை வழியாக மார்த்தாண்டத்துக்கு இருசக்கர வாகனத்தில் சென்று திரும்புவது அன்றாட நிகழ்வு. பாறசாலையில் பதிவாகும் வண்டிக்கு கேஎல்-19, மார்த்தாண்டத்தில் பதிவாகும் வண்டிக்கு டிஎன்-75. தமிழகத்தில் 2024 பிப்ரவரி இறுதி முதல் உரிமமும் பதிவுச் சான்றும் விரைவு அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பப்படுகின்றன. ஒரே சாலையில் ஒருவர் அட்டையைக் காட்டுகிறார், அடுத்தவர் கைப்பேசியைத் திறக்கிறார்.

கேரளம் அட்டையைக் கைவிட்ட வரலாறு அத்தனை பெருமைக்குரியது அன்று. 2023 ஏப்ரலில் பாதுகாப்பு அம்சங்கள் கொண்ட புதிய அட்டை உரிமம் பெரும் விளம்பரத்துடன் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பரில் அச்சு நின்றது. அச்சிட்டுத் தந்த மத்திய அரசு நிறுவனமான ஐடிஐ-க்கு மாநில அரசு 8 கோடி ரூபாய்க்கும் மேல் பாக்கி வைத்திருந்ததே காரணம். அஞ்சல் துறைக்கும் பணம் நிலுவையில் இருந்தது. அட்டைக்கு 200 ரூபாய், அஞ்சலுக்கு 45 ரூபாய் என முன்கூட்டியே செலுத்திய லட்சக்கணக்கானோர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். நிலுவைத் தொகைக்கு அரசு ஒப்புதல் அளித்த பிறகு 2024-இல் அச்சு மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், இனி மின்னணு உரிமமே போதும் என்ற முடிவு வெளியானது. முடிவு சரியானதே. ஆனால் மக்களிடம் அட்டைக்கான பணத்தை வாங்கிக்கொண்டு அட்டை தராமல் விட்ட காலத்தின் கசப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டப்படி மின்னணு ஆவணத்துக்குக் குறைவேதும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆம் விதி 2018 நவம்பரில் திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என உறுதி செய்யப்பட்டது. இது நாடு முழுவதற்கும் பொருந்தும். எனவே களியக்காவிளையைக் கடந்ததும் செல்லாது என்று எவரும் கூற முடியாது. ஆனால் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹன் செயலிக்குள் இருக்கும் ஆவணமே செல்லும். அட்டையைப் படமெடுத்துக் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பது ஆவணம் ஆகாது. இந்த வேறுபாட்டை அறியாமலேயே பலர் வாக்குவாதத்தில் இறங்குகின்றனர்.

உண்மையான இடர்ப்பாடு பெயரில் தொடங்குகிறது. ஆதாரில் உள்ள பெயரை ஒப்பிட்டே டிஜிலாக்கர் உரிமத்தை எடுத்துத் தருகிறது. இப்பகுதியில் தந்தை பெயரின் முதலெழுத்து, வீட்டுப் பெயரின் முதலெழுத்து இரண்டையும் சேர்த்து எழுதுவோர் உண்டு. அவை பெயருக்கு முன்னும் வரும், பின்னும் வரும். உரிமத்தில் சுருக்கமாகவும் ஆதாரில் விரிவாகவும் இருந்தால் ஆவணம் கிடைக்காமல் போகலாம். அட்டைக் காலத்தில் எவரும் பொருட்படுத்தாத எழுத்து வேறுபாடு இது. அதைப் போலவே, பதிவுச் சான்றுக்கு ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் வாகனப் பதிவில் இருக்க வேண்டும். வண்டி வாங்கியபோது விற்பனையாளரோ இடைத்தரகரோ தம் எண்ணைக் கொடுத்திருந்தால், கடவுச்சொல் அவர்களுக்கே செல்லும். புத்தக வடிவிலான பழைய உரிமம் வைத்திருப்போர், அது சாரதி தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

காலாவதி நாளிலும் இப்போது தளர்வு இல்லை. முன்பு உரிமம் முடிந்த பின் 30 நாள் வரை செல்லும். 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்தால் மீண்டும் ஓட்டுநர் தேர்வு எழுத நேரிடும். 2024 முதல் கேரளத்தில் நாளொன்றுக்கு நடத்தும் தேர்வுகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டிருப்பதால், அந்த நிலைக்குச் செல்லாமல் இருப்பதே நல்லது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் தேவை.

எல்லையோரத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு: பழைய வண்டியைக் கையெழுத்திட்ட படிவங்களுடன் மறுபுறத்தில் உள்ளவரிடம் விற்றுவிட்டு மறந்துவிடுவது. வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். பெயர் மாற்றத்தை 45 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாதவரை அபராத அறிவிப்புகள் பழைய உரிமையாளருக்கே வரும். விபத்து நேர்ந்தால் சுமை இன்னும் பெரிது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. வண்டி பல கை மாறியிருந்த வழக்கு அது.

திறன்பேசி இல்லாதவர்கள் அக்ஷயா மையங்களில் உரிமத்தைப் பதிவிறக்கி, க்யூஆர் குறியீட்டுடன் அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறியீட்டை வருடினால் தமிழகக் காவலரும் அதே தரவுத்தளத்தைத்தான் காண்பார். அங்கே பெயரும் எண்ணும் பிழையின்றி இருக்கின்றனவா என்பதை பரிவாஹன் இணையதளத்தில் இன்றே பார்த்துவிடலாம்.