ஆக்கிரமிப்பாளர் யார்?

காலை மணி நான்கு. கோழி கூவவில்லை, எட்டடுக்குக் கட்டடத்திலே கோழிக்கு ஏது இடம்! பெரும்பாக்கத்தில் ஒரு தாய் எழுகிறாள். உறங்கும் பிள்ளைக்குச் சோறு வடித்து மூடி வைக்கிறாள். பேருந்துக்கு ஓடுகிறாள். எங்கே? இருபது கிலோமீட்டருக்கு அப்பால், அடையாற்றங்கரை மாளிகை ஒன்றிலே பாத்திரம் துலக்க!

அந்த மாளிகையிலும் பொழுது விடிகிறது. சீமான் நாயுடன் உலாவச் செல்கிறார். திரும்பியதும் நாய்க்கு வெந்நீர்க் குளியல், பின்னர் இறைச்சி. வெந்நீர் வைப்பவள் அந்தத் தாய்தான். தன் பிள்ளை உண்டானா, பள்ளிக்குச் சென்றானா என்பதை அவள் அறியாள். நாய் உண்டதா என்பதை நன்கு அறிவாள்!

மாடியும் குடிசையும் அருகருகே நிற்பது சென்னைக்குப் புதிதன்று. அந்த வேற்றுமையே வேதனைதான். எனினும் அன்று அவள் பத்து நிமிடம் நடந்தால் வேலைக்குப் போய்விடுவாள். பகலில் ஒருமுறை வந்து பிள்ளையின் முகம் பார்ப்பாள். இன்று அதுவும் இல்லை. ஏழ்மையை அகற்றவில்லை, ஏழையை அகற்றினர்!

எப்படி நேர்ந்தது இது? 2015 டிசம்பர். செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டது. வெள்ளம் பேதம் பார்க்கவில்லை. மாளிகையிலும் புகுந்தது, குடிசையையும் விழுங்கிற்று. வெள்ளம் வடிந்ததும் சட்டம் வந்தது. அது பேதம் பார்த்தது! ஆற்றோரத்து ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவர்களுக்குச் சூட்டப்பட்ட பட்டம், ‘ஆக்கிரமிப்பாளர்’!

அதே அடையாற்றின் மீது பாலம் கட்டி, விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை நீட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயர் வளர்ச்சி! கரையோரத்தில் ஓலைக் கீற்று நின்றால் ஆக்கிரமிப்பு. ஆற்றின் தலைமீதே கற்காரை படுத்தால் முன்னேற்றம்! அகராதியை எழுதியவர் எந்த மாடியில் குடியிருக்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

“வெள்ளத்திலிருந்து காக்கவே அழைத்துச் சென்றோம்” என்பர். நன்று! அழைத்துச் சென்ற இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு! ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்து, மழைநீரைத் தாங்கிய நிலம் அது. இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது பெரும்பாக்கத்தையும் வெள்ளம் சூழ்ந்தது. ஆற்று நீருக்கு அஞ்சி ஓடியவனை ஏரி நீரிலே இறக்கிவிட்ட கதை!

“கல்வீடு தந்தோமே, மின்விளக்கு தந்தோமே!” உண்மை, மறுக்கவில்லை. 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துள்ளன. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அந்தத் தாயின் கையிலே காசு மிஞ்சுகிறது, போற்றுகிறோம். ஆனால், நாள்தோறும் வழியிலே கரையும் பொழுதை எந்தக் கருவூலம் திருப்பித் தரும்? தாயின்றி வளரும் மாலைப்பொழுதைப் பிள்ளைக்கு யார் ஈடு செய்வர்?

வழி இல்லாமலில்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, குடிசை நின்ற இடத்திலேயே அடுக்குவீடு எழுப்பிய வரலாறு இந்நகருக்கு உண்டு. குடிசை மாறிற்று, குடியிருந்தவன் மாறவில்லை, அவன் தொழில் மாறவில்லை, பிள்ளையின் பள்ளி மாறவில்லை. 2021-ல் அவ்வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆயிற்று. அழகிய பெயர்! வாழ்விடம் என்பதில் வாழ்வும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. இடத்தைக் கொடுத்து வாழ்வைப் பறித்தால் பாதிப் பெயர் பொய்த்துப் போகும்.

ஆற்றங்கரையில் குடியிருப்பது ஆபத்தெனில், அருகிலேயே மேட்டு நிலம் தேடுங்கள். நீர்நிலைகளை அளப்பதெனில், அளவுகோலை முதலில் மாளிகையின் மதிற்சுவருக்குக் கொண்டு செல்லுங்கள். பிறகு குடிசைக்கு வாருங்கள்.

இந்நகரைத் துலக்கும் கைகளுக்கு இந்நகரில் இடமில்லையெனில், ஆக்கிரமித்திருப்பவர் யார்? அந்தத் தாயா? அவளை அப்புறப்படுத்திய நாமா?