சாயம் வெளுத்த உத்தரவாதம்!

காற்று சரியில்லையாம்! அதனால் வண்டிக்கு உத்தரவாதம் கிடையாதாம்!

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலையொன்றில் ஒப்பந்தக் கூலியாக மூட்டை ஏற்றும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நமது அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். வாங்கிப் பதினான்கு மாதங்கூட ஆகாத மோட்டார் சைக்கிள். தவணையில் பாதி இன்னும் பாக்கி. எஞ்சினின் கருப்புப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்து, உள்ளே அலுமினியம் உப்புப் பூத்த சுவர்போல் வெள்ளையாய்ப் பொரிந்து கிடந்தது. விற்ற கடைக்குப் போனார். "கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம்" என்றார்கள். மூன்று நடை நடந்தார். மூன்று நாள் கூலி போயிற்று. நான்காம் நடையில் வந்தது பதில்: "உங்கள் ஊர்க் காற்றில் சிமெண்டுத் தூசி. சுற்றுச்சூழலால் வரும் அரிப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல. புத்தகத்திலேயே போட்டிருக்கிறது."

புத்தகத்தில் போட்டிருக்கிறதாம்! எந்த மொழியில்? ஆங்கிலத்தில். எப்படிப்பட்ட எழுத்தில்? எறும்பு ஊர்ந்தாற்போன்ற பொடி எழுத்தில். வண்டியை வாங்கச் சொல்லும் விளம்பரத் தட்டி மட்டும் ஆளுயரத் தமிழில் நிற்கிறது. விற்கும்போது தமிழ், விலகும்போது ஆங்கிலம்!

இதே குறையோடு பெரம்பலூரிலிருந்து இன்னொருவர் வந்தார். பால் கேன் கட்டி ஊர் ஊராகப் போகிறவர். அவர் போகும் வழியில் சிமெண்டு ஆலை எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்த பதில் வேறு: "உங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதில் கழுவியதால் வந்தது." அரியலூரில் குற்றவாளி காற்று, பெரம்பலூரில் குற்றவாளி தண்ணீர்! ஐம்பூதங்களில் நிலமும் நெருப்பும் வானமும்தான் இன்னும் குற்றக் கூண்டில் ஏறவில்லை.

நாம் கண்ணை மூடிக்கொண்டு கம்பெனிகளைத் தூற்ற வரவில்லை. தூசி உண்மைதான். ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழுவூர் என்று ஆலைகள் நிற்கின்றன. அரியலூர் நகரை ஒட்டி 1979 முதல் அரசு சிமெண்டு ஆலையும் இருக்கிறது. ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த மண் இது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளே கோடிக்கணக்கான ஆண்டுகளில் சுண்ணாம்புக் கல்லாயின. அதைத் தோண்டித்தான் நாடு வீடு கட்டுகிறது. தோண்டுகிறவன் வீட்டுக் கூரையிலும் அவன் வண்டியிலும் தூசி படிகிறது.

அந்தத் தூசி எஞ்சினை என்ன செய்யும்? அலுமினியம் காற்றுப் பட்டதும் தானாகவே ஒரு மெல்லிய தோலைப் போர்த்திக் கொள்கிறது. அந்தத் தோல் இருக்கும்வரை அதற்கு ஆபத்தில்லை. ஆனால் அமிலமும் அதைக் கரைக்கும், காரமும் கரைக்கும். அமில காரத்தை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ 4 முதல் 9 வரைதான் அது தாங்கும். சிமெண்டில் ஈரம் பட்டால் அளவு 12-ஐத் தாண்டிவிடும். சுரங்கத்துக் கல்தூள் அவ்வளவு கொடியதன்று. சூளையில் வெந்து வந்த தூளே கொடியது. அதுவும் காய்ந்து கிடக்கையில் சும்மா கிடக்கும். மார்கழிப் பனி விழுந்த இரவில்தான் தன் வேலையைக் காட்டும். நம்பாதவர்கள் பழைய அலுமினியச் சட்டியில் ஒரு நாள் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துப் பார்க்கலாம்.

சரி, தூசி அரிக்கும். ஆனால் அந்தத் தூசி அலுமினியத்தைத் தொட வேண்டுமானால், நடுவில் இருக்கும் பெயிண்டைத் தாண்டியல்லவா வரவேண்டும்? பெயிண்ட் எதற்காகப் பூசப்பட்டது? காட்சிக்கு மட்டுந்தானா?

அலுமினியத்தின்மீது பெயிண்ட் எளிதில் ஒட்டாது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, இரசாயனக் குளியல் கொடுத்து, மேற்பரப்பைப் பக்குவப்படுத்தி, அதன் பிறகே பூசவேண்டும். எஞ்சின் நாள்தோறும் சூடாகி விரிகிறது, ஆறிச் சுருங்குகிறது. பக்குவத்தில் ஒரு படி குறைந்தாலும் பெயிண்ட் பிடியை விட்டுவிடும். ஆகவே எங்கே, எப்படி உரிந்திருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் சங்கதி வெளிவந்துவிடும். முன்சக்கரம் வாரியடிக்கும் கல் பட்ட இடத்தில் புள்ளியாகத் தொடங்கிப் பரவியிருந்தால், வெளிக்காரணம் என்று கம்பெனி சொல்வதில் நியாயம் இருக்கலாம். கல்லும் படாத, கீறலும் விழாத மறைவிடத்தில் பெயிண்ட் ஏடு ஏடாகக் கிளம்பி, அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தால்? அது பூசியவர் குறை. நம் தோழரின் வண்டியில் இருக்கை நிழலில், தூசியே படியாத மூலையிலும் உரிந்திருக்கிறது. இதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டாம். குனிந்து பார்க்கும் கண் வேண்டும். நான்கு நடையிலும் ஒருவர்கூடக் குனியவில்லை என்கிறார் அவர்.

நம் பக்கத்துத் தவற்றையும் சொல்லிவிடுவோம். வாட்டர் சர்வீஸ் கடையில் டீசலடித்து, காரம் மிகுந்த சோப்புத்தூளால் தேய்த்து, சூடான எஞ்சின்மேல் வேகத் தண்ணீர் பாய்ச்சுகிறோமே, அதுவும் பெயிண்டைத் தின்னும். யூரியா மூட்டையைக் கட்டிக்கொண்டு போய், சிந்தியதைத் துடைக்காமல் விடுவதும் அப்படியே. இப்படிச் செய்தவர்கள் கம்பெனிமேல் வழக்கென்று கிளம்ப வேண்டாம்.

மற்றவர்களுக்கு நாம் சொல்வது இது. அரியலூரில் கடை திறந்து, அரியலூர்க்காரன் பணத்தை எண்ணி வாங்குகிற கம்பெனிக்கு, அரியலூரின் காற்று எப்படிப்பட்டது என்று விற்கும் முன்பே தெரியும். தெரிந்தே விற்றுவிட்டு, பதினான்கு மாதம் கழித்து "உங்கள் ஊர் சரியில்லை" என்பது வாணிபமா? அந்தக் காற்றுக்குத் தாங்காத பெயிண்டென்றால் விற்கும்போதே சொல்லட்டும்; வாங்குகிறவன் யோசித்து வாங்குவான். பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. முதல் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு விடிகாலையில் பேருந்து இல்லை. வண்டி அவனுக்கு ஆடம்பரமன்று, பிழைப்பு. (வண்டியின் தோலையே தின்னும் காற்றென்றால் மூச்சுக்குழல் என்னாகும் என்ற கேள்வியும் எழுகிறது. அதற்குத் தனித் தலையங்கம் வேண்டும்.)

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் தனித்தனியே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கம்பெனி எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் போடவேண்டும். பால்காரத் தோழரிடம் "நீ தொழிலுக்கு வாங்கினாய், நுகர்வோர் அல்ல" என்று சொல்லிப் பார்ப்பார்கள், மயங்க வேண்டாம். தன் உழைப்பால் பிழைக்க வாங்கியவனை அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே கொள்கிறது.

கடைக்காரரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள். இல்லையேல் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். புது வண்டி கேட்டு மல்லுக்கு நிற்க வேண்டாம். 2006-ல் மாருதி கார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், உத்தரவாதம் என்பது பழுதான பாகத்தைச் சீர்செய்யவோ மாற்றவோதான் என்று சொல்லி, முழு வண்டியை மாற்றும் ஆணையை ஏற்க மறுத்தது. எனவே எஞ்சின் மூடிகளை மாற்றித் தரக் கேளுங்கள். இழந்த கூலிக்கு ஈடு கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனைச்சாலைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கண்ணால் தீர்மானிக்க முடியாத குறையைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சோதனை வேண்டிய வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். ஏட்டில் உள்ள 5 மாதம் நாட்டில் எத்தனை மாதமாகும் என்பதை நீதிமன்றப் படி ஏறியவர்கள் அறிவார்கள். ஆனாலும் "காற்று" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அங்கே ஆதாரம் காட்டியாக வேண்டும். கடை மேசையில் அது தேவைப்படவில்லை.

வாய்ப்பேச்சு வழக்காகாது. ஒவ்வொரு நடைக்கும் வேலைச் சீட்டு வாங்குங்கள். "பெயிண்ட் உரிகிறது" என்று அதில் எழுதச் செய்யுங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் எழுதுங்கள். தேதியோடு படமெடுத்து வையுங்கள். வழி தெரியாதவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

உத்தரவாதப் புத்தகம் தமிழில் தரப்படாமல் தமிழ்நாட்டில் ஒரு வண்டியும் விற்பனைக் கடையை விட்டு வெளியேறக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும். எவை விலக்கு என்ற பட்டியல், விலை எழுதும் அதே அளவு எழுத்தில், அதே தாளில் இருக்கவேண்டும். கோட்டையில் இருப்போர் செவியில் இது விழட்டும்.

மூட்டை தூக்கும் தோழர் வரும் திங்களன்று மனுவோடு அரியலூர் ஆணையத்துக்குப் போகிறார். வண்டியையும் ஓட்டிக்கொண்டு போகிறார். கழுவாமல்தான்.