கம்யூனிட்டி காலேஜ் என்றால் இளக்காரமா?



கலிபோர்னியாவில் என் அக்கா பேத்தி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறாள். குடும்பக் குழுவில் "ஐயோ, மார்க் வரலையா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். அது என்ன காலேஜ் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

அந்த மாநிலத்துக்காரர்களுக்கு அங்கே ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். கால்குலஸ், புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர் எல்லாம் இரண்டு வருடத்தில் முடித்துவிட்டு, பெர்க்லி மாதிரி இடத்துக்கே மூன்றாம் ஆண்டில் மாறலாம். பட்டம் பெர்க்லி பெயரில்தான் வரும். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். சும்மா கிடைத்துவிடாது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டி கடுமை, பெர்க்லி இடத்துக்கு உத்தரவாதமும் தருவதில்லை. கால்குலஸில் கோட்டை விட்டால் போச்சு. அதற்குக் கவலைப்படுங்கள், நியாயம். காலேஜ் பெயருக்கு ஏன்?

நம்மூர் பாலிடெக்னிக் பிள்ளைகள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்வதில்லையா? அவர்களையும் இப்படித்தான் பேசினீர்கள். உங்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த நானும் வெறும் டிப்ளமாக்காரன்தான் ஐயா!

பிள்ளை குழுவிலிருந்தே வெளியேறிவிட்டாள். இன்றைக்கே போன் போட்டு, என்ன பாடம் எடுத்திருக்கிறாய் என்று கேளுங்கள்.