பனிச்சுவரின் அடியில் ஒரு பந்தி

கலங்கிய நீரைக் கண்டால் நாம் ஒதுங்கிப் போகிறோம். ஆனால், அதைத் தேடிச் சென்று பசியாறும் பறவைகள் வடதுருவத்தின் அருகே உள்ளன.

நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்ட ஸ்வால்பார்டு தீவுகளில், ஏறத்தாழ 79 பாகை வட அட்சத்தில், கோங்ஸ்ஃபியோர்டு என்றோர் இடம் உண்டு. மலைகளுக்கு இடையே நிலத்தினுள் நெடுந்தொலைவு நுழைந்து கிடக்கும் ஆழமான கடற்கிளையே ஃபியோர்டு எனப்படுகிறது. 2008 முதல் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இயங்கி வருவதும் இதன் கரையிலேதான். அந்தக் கடற்கிளையின் தலைமாட்டில் குரோனபிரீன் போன்ற பனியாறுகள் செங்குத்தான சுவர்களாகக் கடலில் வந்து நிற்கின்றன.

கோடையில் அச்சுவரின் அடியில் ஓரிடத்தில் மட்டும் கடல் பழுப்பேறிக் காணப்படும். கிட்டிவேக் என்னும் சிறிய கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே மொய்த்துக்கொண்டிருக்கும். தெளிந்த நீர் சுற்றிலும் பரந்து கிடக்க, சேற்று நீரில் அவற்றுக்கு என்ன வேலை?

விடை பனிக்கு அடியில் இருக்கிறது. கோடை வெயிலில் பனியாற்றின் மேற்பரப்பு உருகுகிறது. அந்நீர் வெடிப்புகளின் வழியே அடித்தளம்வரை இறங்கி, பாறையை அரைத்த வண்டலையும் வாரிக்கொண்டு, பனிச்சுவரின் காலடியில், கடல்மட்டத்திற்குப் பல பத்து மீட்டர் கீழே வெளிப்படுகிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானதல்லவா? எனவே அது விரைந்து மேலெழுகிறது. எழும்போது தன்னைப்போல் பல மடங்கு கடல்நீரையும் இழுத்து வருகிறது. உலை கொதிக்கையில் அடியிலுள்ள அரிசி மேலே புரண்டு வருவதை நம் இல்லத்தரசிகள் நாள்தோறும் காண்கிறார்கள். காரணம் வேறாயினும் காட்சி ஏறக்குறைய அதுதான்.

அந்த நீரோடு கிரில் முதலிய சிற்றுயிர்களும் மேலே வந்து சேர்கின்றன. உப்புநீரில் பிறந்து வளர்ந்த அவை, திடீரென உப்புக் குறைந்த நீரில் அகப்பட்டுச் செயலிழக்கின்றன. சில மடிந்தும் போகின்றன. கிட்டிவேக்கால் ஆழமாக மூழ்க இயலாது. நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைப்பதையே அது கொத்தி உண்ணும். தன்னால் எட்ட முடியாத இரை தானாகவே மேலே வந்து மயங்கிக் கிடக்கும்போது, தெளிந்த நீரை அது ஏன் நாடப் போகிறது? பாறை விளிம்பில் கட்டிய கூட்டில் ஒரு பறவை குஞ்சுகளைக் காத்திருக்க, மற்றொன்று இரை கொண்டுவர வேண்டிய காலமும் இதுவே.

மூழ்கி இரைதேடும் பறவைகளுக்கும் இந்த நீர் சில வேளைகளில் கைகொடுக்கிறது. ரஷ்யாவின் ஃபிரான்ஸ் யோசஃப் தீவுகளில், மிதக்கும் கடற்பனியின் ஓரத்தில் இரைதேடி வந்தவை லிட்டில் ஆக் பறவைகள். 2013 கோடையில் அருகே கடற்பனி இல்லாமற் போனது. அப்போது அவை உருகுநீரும் கடல்நீரும் சந்திக்கும் எல்லைக்கோட்டில், திகைத்துக் கிடந்த சிற்றுயிர்களைப் பிடித்து உண்டதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

அப்படியாயின் பனி மேலும் உருகினால் பறவைகளுக்குக் கொண்டாட்டந்தானே என்று கேட்பீர்கள். சில காலத்திற்கு அப்படித் தோன்றலாம். ஆனால், பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டே செல்கின்றன. கோங்ஸ்ஃபியோர்டிலேயே தீபகற்பம் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய ஒரு நிலப்பகுதி உண்டு. அதைப் பெருநிலத்தோடு பிணைத்திருந்த பனி விலகியதும், 1990களில் அது தீவு என்பது தெரியவந்தது. பழைய பெயர் மட்டும் வரைபடத்தில் நிற்கிறது.

பனியாற்றின் பாதம் கடலை விட்டுக் கரையேறிவிட்டால், அதே உருகுநீர் சாதாரண ஆறாக ஓடிவந்து கடலின் மேற்பரப்பிலேயே பரவிவிடும். வண்டலும் வரும், கலங்கலும் இருக்கும். ஆயினும் ஆழத்திலிருந்து எதையும் அது தூக்கி வராது. குஞ்சுகளுக்கு உணவு வேண்டுமானால், கிட்டிவேக் வேறு பனிச்சுவரைத் தேடியோ வெளிக்கடலை நோக்கியோ பறந்தாக வேண்டும்.