கோதுமை பீரும் கொத்துமல்லியும்

சென்ற இதழில் மாட்டுங்காக் காப்பியைப் பற்றி எழுதிய நாம், இவ்விதழில் பீரைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர் சிலர் புருவம் நெரிப்பர். குடும்பத்தார் படிக்கும் ஏட்டில் இதற்கு இடமுண்டோ என வினவுவர். வினா முறையானதே. ஆயினும் நம் பிள்ளைகள் பருகத் தொடங்கிவிட்ட ஒன்றைப் பெற்றோர் அறியாதிருத்தல் நன்றன்று. ஆதலின் எழுதுகின்றோம்.

சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலை, செம்பூரில் நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நண்பர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். அவர்தம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்; 1960களின் இறுதியில் குடியால் மாண்டவர். அன்று நண்பருக்கு அகவை ஒன்பது. அதன்பின் அவ்வீட்டினுள் மது நுழைந்ததில்லை.

நண்பரின் மகனுக்கு இப்போது அகவை 27. நல்ல பணியில் இருக்கின்றான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு புட்டியைக் கொணர்ந்து மேசைமீது வைத்தான். ‘பீரா 91’ என்னும் நிறுவனத்தின் வெண்பீர் அது.

“அப்பா, ஒளித்துக் குடிக்க எனக்கு மனமில்லை. நீங்கள் பார்க்கவே குடிக்கிறேன். மாமா, நீங்களும் சிறிது சுவைத்துப் பாருங்கள்” என்றான்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை, எம்மை நோக்கினார். மறுத்தால் பிள்ளை நாளை வெளியே சென்று குடிப்பான். ஏற்றால் நண்பர் மனம் புண்படும். “சிறிது ஊற்று” என்றோம்.

குவளையில் ஊற்றியதும் வெண்ணுரை பொங்கிற்று. நீர்மம் தெளிந்த பொன்னிறமாக இல்லை. நீராகாரத்தில் எலுமிச்சைச் சாறும் சிறிது மஞ்சளும் கலந்தாற்போல மங்கலாய் இருந்தது. கெட்டுப்போயிற்றோ என்று கருத வேண்டா. வழக்கமான பீர் முளைகட்டிய வாற்கோதுமையால் ஆவது. இதில் கோதுமையும் கணிசமாகச் சேர்கின்றது. கோதுமையின் புரதமும், புளிக்கச் செய்யும் ஈஸ்டும் அடியில் தங்காது மிதப்பதே அம்மங்கலுக்குக் காரணம். இறக்கிய கள் வெண்மையாய்த் தோன்றுவதிலும் ஈஸ்டுக்குப் பங்குண்டு.

ஒரு வாய் பருகினோம். கசப்பு மிகக் குறைவு. முதலில் ஆரஞ்சுத் தோலின் மணம். பின் புது ரொட்டியின் மென்சுவை. இறுதியில் நன்கறிந்த ஏதோ ஒரு வாசனை. பெயர் நினைவிற்கு வரவில்லை. அருகில் நின்ற நண்பரின் துணைவியார் குவளையை முகர்ந்துவிட்டு, “இது மல்லி அல்லவா! ரசப்பொடிக்கு வறுக்கும் மல்லி!” என்றார். உண்மைதான். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.

கொத்துமல்லி விதையையும் ஆரஞ்சுத் தோலையும் இட்டு வெண்பீர் வடிப்பது பெல்ஜிய நாட்டு வழக்கம். அந்நாட்டு ஹூகார்டன் ஊரில் அத்தொழில் 1950களில் அற்றுப்போயிற்று. பால் விற்றுவந்த பியேர் செலிஸ் என்பவர் 1960களின் நடுவில் அதை மீட்டார். அம்முறையைத் தழுவிய பீரை அங்கூர் ஜெயின் என்பவர் 2015-இல் ‘பீரா 91’ என்று நம் நாட்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். 91 என்பது இந்தியாவின் தொலைபேசிக் குறியீட்டு எண். சிறு வடிப்பகங்களுக்கே உரியதாய் இருந்த சுவை, அதன்பின் நகரத்துச் சாதாரணக் கடைகளுக்கும் வந்தது.

அப்போதுதான் நண்பர் வாய் திறந்தார். “என் தந்தை குடித்தது இப்படி மங்கலாக இராது, கிணற்றுநீர் போலத் தெளிவாக இருக்கும்” என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தபின் இந்நகரில் குடி ஒழியவில்லை; மறைவிற்குச் சென்றது. தாராவிச் சந்துகளில் கள்ளச் சாராயம் காய்ச்சப்பட்டதை முதியோர் அறிவர். அக்கொடுமை பழங்கதையும் அன்று. 2015 சூனில் இந்நகரின் மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டோரும், 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். மெத்தனால் என்னும் நஞ்சு நீரைப்போல் நிறமற்றது. கண்ணால் கண்டறிய இயலாது.

“இது அத்தகையதன்று அப்பா, பழச்சாறு போன்றது” என்றான் மகன்.

அங்கேதான் அவன் பிழைத்தான். புட்டியின் மேல் ஆல்கஹால் 5 விழுக்காட்டிற்கு மேற்படாது என்றிருந்தது. 330 மில்லிலிட்டர் புட்டியில் அது ஏறத்தாழ 16 மில்லிலிட்டராகும். 30 மில்லிலிட்டர் விசுக்கியிலோ ஏறத்தாழ 13 மில்லிலிட்டர்தான். மென்மை நாவிற்கே, உடலுக்கு அன்று. தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனமும் 2023-இல் கூறிற்று. இக்கணக்கைச் சொன்னபோது பிள்ளை புட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

“எத்தனை குடிப்பாய்?” என்றார் நண்பர்.

“ஒன்றுதான் அப்பா.”

“என் தந்தையும் ஒன்று என்றுதான் சொல்லுவார்.”

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு நண்பரே, “குடிக்க வேண்டுமென்றால் இந்த மேசையிலேயே குடி. நான் எண்ணிக்கொண்டிருப்பேன்” என்றார். பிள்ளை தலையசைத்தான்.

சுவை நன்றென்பதை மறைக்க மாட்டோம், நன்றாகவே இருந்தது. ஆனால் நம் முந்தைய தலைமுறையை அழித்தது சுவையன்று. எவரும் எண்ணாத குவளைகளே. வீட்டில் வெளிப்படையாய்க் கேட்கப்படும் “எத்தனை?” என்னும் வினா பல குடும்பங்களைக் காத்திருக்கும். அன்பர்கள் தம் பிள்ளைகளைச் சினவாது அவ்வினாவைக் கேட்பாராக.

எம் குவளையில் பாதி எஞ்சியிருந்தது. அதை அங்கேயே வைத்துவிட்டு, அம்மையார் தந்த காப்பியைப் பருகி விடைபெற்றோம்.